வளவில் பல்லியம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில், அயல்நாடுகளில் இயங்கும் சோதனை முயற்சி இசைக்குழுக்கள் சிலவற்றைப் பற்றி எழுதியிருந்தேன். மறக்கப்பட்ட செவ்வியல் படைப்புகளைத் தேடி எடுத்து வாசிப்பவை சில. வாசிக்கும் இடத்தையும் கேட்கும் முறையையும் மாற்றிப் பார்ப்பவை சில. இரண்டையும் சேர்த்துச் செய்பவை மிகச் சில. அக்கட்டுரைக்கு வந்த கடிதங்களுள் பாதிக்கு மேல் காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களின் அஞ்சல் முத்திரையோடு வந்திருந்தன. ஆகவே இம்மாதம் இந்த வட்டாரத்துக்காரர்களின் கடிதங்களுக்கு மட்டுமே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: வாகனம் நிறுத்தும் கட்டடத்தில் சிம்பொனி வாசித்தார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அது புதுமையா, வெறும் கவன ஈர்ப்பா? நல்ல சங்கீதத்துக்கு நல்ல அரங்கு போதாதா?
– வாசகி, தேவகோட்டை

பதில்: கவன ஈர்ப்பும் அதில் உண்டு, அம்மா, அதை மறுப்பதற்கில்லை. லண்டனின் பெக்கம் பகுதியில் பல அடுக்கு வாகன நிறுத்துமிடம் ஒன்றில் 2011ஆம் ஆண்டு ஒரு குழுவினர் ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியின் ‘வசந்தச் சடங்கு’ என்ற படைப்பை வாசித்தார்கள். அந்தப் படைப்பு 1913 முதல் உலகெங்கும் புகழ்பெற்றது. அதை மறக்கப்பட்ட இசை என்று எவரும் சொல்ல முடியாது. அங்கே மாறியது இடமும், அரங்குக்கு வரத் தயங்கிய அக்கம்பக்கத்து மக்கள் வந்து கேட்டதும்தான். 2015இல் லண்டனில் தொடங்கப்பட்ட ‘சினெக்கே’ இசைக்குழுவின் வழி வேறு. கறுப்பினத்தவரும் பிற சிறுபான்மையினரும் பெரும்பான்மையாக இடம்பெறும் அந்தக் குழு, வழக்கமான அரங்குகளிலேயே வாசிக்கிறது. ஆனால் நிறத்தின் காரணமாக ஓரங்கட்டப்பட்ட இசையமைப்பாளர்களின் படைப்புகளை நிகழ்ச்சி நிரலுக்குள் கொண்டுவருகிறது. இவ்விரண்டில் எது கடினம் என்று என்னைக் கேட்டால், இரண்டாவதையே சொல்வேன்.

ஆனால் தாங்கள் ‘நல்ல அரங்கு’ என்று சொல்வதும் ஒரு காலத்தில் சோதனை முயற்சியாகவே இருந்தது. ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக் தம்முடைய ‘மத்தேயு பாடுகள்’ இசையை லைப்சிக் நகரத் தேவாலய வழிபாட்டுக்காக அமைத்தார். அவர் 1750இல் மறைந்த பின் அது பொதுவெளியில் கேட்காமலே போயிற்று. 1829ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், இருபது வயது இளைஞரான மெண்டல்சன் அதைச் சுருக்கி, பெர்லினில் ஓர் இசை மண்டபத்தில் நிகழ்த்தினார். வழிபாட்டு இசையை மண்டபத்துக்குக் கொண்டுவந்ததுதான் அன்றைய புதுமை.

நம் பக்கத்து ஊர்க் கதையும் இதேதான். காரைக்குடியிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் அரியக்குடியில் 1890இல் பிறந்த இராமானுஜ ஐயங்கார்தான், வர்ணத்தில் தொடங்கி, கீர்த்தனைகளை விறுவிறுப்பாக அடுக்கி, இராகம் தானம் பல்லவி பாடி, துக்கடா எனப்படும் சிறு பாடல்களில் முடிக்கும் இன்றைய கச்சேரி முறையை நிலைநிறுத்தியவர் என்று இசையுலகம் அவரைக் கொண்டாடுகிறது. ஆதியிலிருந்து இப்படித்தான் இருந்தது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் வடிவத்துக்கு இன்னும் நூற்றைம்பது வயதுகூட ஆகவில்லை. அந்த வடிவம் எத்தனையோ பாடல்களுக்கு வாழ்வு கொடுத்தது. அதன் கால அளவுக்குள் அடங்காத சிலவற்றை வெளியே நிறுத்தியும் விட்டது.

ஆகவே ஒரு குழுவை மதிப்பிடும்போது, எந்த இடத்தில் வாசிக்கிறார்கள் என்பதைவிட, அந்த இசை ஏன் மறக்கப்பட்டது என்பதை அவர்கள் விசாரித்திருக்கிறார்களா என்றே நான் பார்க்கிறேன். மேடை கொடுத்த நேரம் போதாமல் மறைந்த இசையும், ஆதரித்தவர்கள் ஊரை விட்டுப் போனதால் மறைந்த இசையும், எவருடையது என்ற காரணத்துக்காகவே தள்ளிவைக்கப்பட்ட இசையும் ஒரே மருந்தால் பிழைக்க மாட்டா.

கேள்வி: நம் சங்கீதம் தனி மனிதரின் மனோதர்மத்தை நம்பி நிற்பது. நாற்பது பேர் காகிதத்தைப் பார்த்து வாசிக்கும் ஆர்க்கெஸ்ட்ரா என்ற அமைப்பே நமக்கு அந்நியமானதல்லவா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கண்டனூர்

பதில்: காகிதம் அந்நியமாக இருக்கலாம், ஐயா, கூட்டம் அந்நியமன்று. பல கருவிகள் கூடி ஒலிப்பதற்குப் ‘பல்லியம்’ என்ற சொல்லைச் சங்க இலக்கியம் வைத்திருக்கிறது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, மாதவி ஆடிய மேடையில் கருவிகள் சேர்ந்த முறையையே வரிசைப்படுத்துகிறது: குழலின் வழியே யாழ் நின்றது, யாழின் வழியே தண்ணுமை நின்றது, தண்ணுமையின் பின்னே முழவு நின்றது, முழவோடு கூடி ஆமந்திரிகை என்ற கருவி இசைத்தது. எது முன்னே போவது, எது அதைப் பற்றிக்கொண்டு வருவது என்ற ஒழுங்கை இதைவிடச் சுருக்கமாக எந்த இசையமைப்பாளராலும் சொல்ல முடியாது. தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் விண்ணப்பம் செய்வதற்கு இராசராசன் நியமித்தவர்கள் 48 பேர். அவர்களோடு உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவர் என 50 பேருக்கும் நாள்தோறும் நெல் அளக்கப்பட்டதைக் கல்வெட்டு சொல்கிறது. ஐம்பது பேர் என்பது எந்த ஊர்க் கணக்கிலும் சிறிய குழுவன்று.

தங்கள் ஐயத்தில் உள்ள உண்மையான சிக்கல், சுரத்தை அசைத்து வளைக்கும் கமகத்தைப் பற்றியது. தோடியின் காந்தாரத்தை இருபது வயலின்கள் ஒரே நேரத்தில் அசைத்தால், இருபது பேரின் அசைவும் இருபது விதமாக விழும். கேட்பவருக்குச் சந்தைக்கடை இரைச்சல்தான் மிஞ்சும். 1952இல் அகில இந்திய வானொலி ‘வாத்திய விருந்தா’ என்ற தேசிய இசைக்குழுவை அமைத்து, பண்டிட் ரவிசங்கரிடமும் டி.கே. ஜெயராம ஐயரிடமும் ஒப்படைத்தபோதும் இந்தச் சிக்கல் இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆளைக் குறைப்பது ஒரு வழி. சென்னையில் வி.எஸ். நரசிம்மன் 1993இல் தொடங்கிய மதராஸ் தந்தி நால்வர் குழு, நான்கே கருவிகளைக் கொண்டு கீர்த்தனைகளை வாசித்தது. ஒரு வயலின் இராகத்தைத் தாங்க, மற்ற மூன்றும் அதற்கு அடியில் நடமாடின. இன்னொரு வழி தாளத்தின் வழியாகச் சேர்வது. மிருதங்க வித்துவான் காரைக்குடி ஆர். மணி அவர்கள், 1994இல் தொடங்கப்பட்ட ஆஸ்திரேலியக் கலை இசைக்குழுவோடு சேர்ந்து 1990களின் பிற்பகுதியில் செய்த முயற்சியில், நம்முடைய லயக் கணக்குகளை ஜாஸ் மரபில் தேர்ந்த ஊதுகருவிக்காரர்கள் கற்றுக்கொண்டு வாசித்தார்கள். அங்கே கமகம் தகராறு செய்யவில்லை, ஏனெனில் தாளக் கணக்கில் கோத்த கோர்வைக்குக் கமகம் தேவையில்லை. மிருதங்கம் பக்கவாத்தியமாக மட்டும் இருக்க வேண்டியதில்லை என்று 2023இல் மறையும் வரை வாதாடிய அவர், அந்த வாதத்தைக் கட்டுரையாக எழுதாமல் மேடையில் வாசித்தே காட்டினார்.

கேள்வி: எங்கள் நண்பர்கள் குழுவில் வயலின், செல்லோ, கீபோர்டு, தவில் வாசிப்பவர்கள் இருக்கிறோம். இந்த வட்டாரத்தில் மறந்துபோன இசை எதையாவது எடுத்துச் செய்ய வேண்டும் என்று ஆசை. எதை எடுக்கலாம்? குடுமியான்மலைக் கல்வெட்டை வாசித்துக் காட்டலாமா?
– இளைஞர், புதுவயல்

பதில்: குடுமியான்மலையை இப்போதைக்கு விட்டுவிடுங்கள், தம்பி. குடைவரைக் கோயிலின் பக்கத்துப் பாறையில், கிரந்த எழுத்தில், ஏழு பகுதிகளாக, கிராம இராகங்கள் எனப்படும் ஏழு பழைய இராகங்களுக்குரிய சுரக்கோவைகளைப் பொறித்து வைத்திருக்கிறார்கள். அது ஏறத்தாழ ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஒரே சுரத்தின் பெயரை உயிரெழுத்து மாற்றி நான்கு விதமாக எழுதியிருப்பதால் அதில் நுட்பமான வேறுபாடுகள் குறிக்கப்படுகின்றன. மாணவர்களின் நன்மைக்காகச் செய்தது என்று கல்வெட்டே சொல்கிறது. ஆனால் எந்தச் சுரம் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பது அதில் வெளிப்படையாக இல்லை. அதை வாசிப்பவர் பாதியைத் தாமே இயற்ற வேண்டியிருக்கும். கேட்பவரோ பல்லவர் காலத்து இசையைக் கேட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார். பத்து வருடப் பயிற்சிக்குப் பிறகு அந்தப் பாறையிடம் திரும்பி வாருங்கள்.

உங்களிடம் தவில் இருக்கிறது என்று எழுதியிருப்பதால் ரக்தியைச் சொல்வேன். நாகசுரத்துக்கும் தவிலுக்கும் மட்டுமே உரிய வடிவம் அது. சாகித்தியம் கிடையாது, ஏழு எண்ணிக்கை கொண்ட சுழற்சி ஒன்றை எடுத்துக்கொண்டு, அதே சொற்கட்டைக் காலம் (வேகம்) மாற்றி மாற்றி, இராகத்தை நிரப்பிக்கொண்டே போவார்கள். செம்பொன்னார்கோயில் பரம்பரையினர் இதைக் காப்பாற்றி வைத்ததால்தான் இன்று அதைப் பற்றிப் பேசவாவது முடிகிறது. கோயிலில் இரவு சுவாமி புறப்பாட்டின்போது இரண்டு வீதிகளைக் கடப்பதற்குள் ஒரு ரக்தி விரிந்து முடியும். எவரும் கடிகாரத்தைப் பார்க்க மாட்டார்கள். அதே நாகசுரம் சபா மேடைக்கு வந்தபோது, கேட்டுப் பழகிய கீர்த்தனைகளை வாசி என்றார்கள், பின்பு திரைப்பாட்டை வாசி என்றார்கள். ரக்திக்கு நேரமும் இல்லை, கேட்கும் காதும் இல்லை. யாரும் அதை வெறுத்து ஒதுக்கவில்லை. நின்று கேட்க வீதி இல்லாமல் போயிற்று, அவ்வளவுதான்.

வீதி செட்டிநாட்டில் இருக்கிறது. கானாடுகாத்தானிலும் ஆத்தங்குடியிலும் ஓர் எல்லையிலிருந்து மறு எல்லை தெரியும்படி நூல் பிடித்தாற்போல் தெருக்கள் ஓடுகின்றன. இருபுறமும் உயரமான சுவர்கள். இரவு எட்டு மணிக்கு மேல் வாகனமும் குறைவு. ஒரு நாகசுர இணையையும் இரண்டு தவிலையும் தெருவின் ஒரு முனையில் நிறுத்துங்கள். சுருதிப் பெட்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு, அதன் வருகையால் வேலையிழந்த ஒத்து என்ற கருவியைத் தேடிப் பிடித்து, இரண்டு மூன்று பேரைத் தெருவின் நீளத்துக்கு இடைவெளி விட்டு ஊத வையுங்கள். விரல் துளை இல்லாத அந்தக் குழலின் ஒற்றை ஒலிக்குள் நடந்து செல்வதே ஓர் அனுபவம். செல்லோ ஆதார சட்சத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் இழுக்கட்டும். வயலின்கள் மூன்றாம் காலம் வரும் வரை வாய் திறக்க வேண்டாம். கீபோர்டு எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை, மன்னிக்கவும்.

ஒரே ஒரு நிபந்தனை. ரக்தியை முறையாகக் கற்ற நாகசுரக் கலைஞரிடம் முதலில் போய் உட்காருங்கள். அவர் சொல்வதற்கு ஏற்பக் குழுவை அமையுங்கள். நீங்கள் எழுதி முடித்த ஏற்பாட்டுக்கு நடுவில் அவரைக் கொண்டுவந்து செருகினால், பழம்பொருள் கடையில் வாங்கிய விளக்கை வரவேற்பறையில் வைத்த கதையாகிவிடும்.

கேள்வி: எங்கள் பள்ளியின் பேண்டு வாத்தியக் குழு குடியரசு நாள் அணிவகுப்புக்கு மட்டுமே பயன்படுகிறது. அவர்களால் நம் செவ்வியல் இசையை வாசிக்க முடியுமா?
– பள்ளி இசை ஆசிரியை, பள்ளத்தூர்

பதில்: முடியும், அதற்கென்றே பொருந்திய பாடல்களை முத்துசுவாமி தீட்சிதர் செய்து வைத்திருக்கிறார். ஐரோப்பிய பேண்டு மெட்டுகளுக்கு வடமொழிச் சாகித்தியம் அமைத்த அந்தப் பாடல்களை நோட்டுசுர சாகித்தியங்கள் என்பார்கள். ஏறத்தாழ 40 இருக்கின்றன. எல்லாம் சங்கராபரணத்தின் நேரான சுரங்களில் ஓடுபவை. கமகத் தொல்லை இல்லை. அவற்றுள் ‘சந்ததம் பாஹிமாம்’ என்பது பிரிட்டிஷ் அரச வாழ்த்தின் மெட்டிலேயே அமைந்தது. அக்காலத் தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னர் அரண்மனையில் ஐரோப்பிய பேண்டு வைத்திருந்தார். அந்த ஒலி இங்கே புழங்கிய ஒலிதான். இன்று நோட்டுசுரங்களைச் சிறு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல மட்டும் பயன்படுத்துகிறோம். பித்தளை ஊதுகருவிகளில் அவற்றைக் கேட்டால், அவை பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தாற்போல் இருக்கும்.

கிளாரினெட், டிரம்பெட் போன்ற பேண்டுக் கருவிகளுள் பல ஆறரைக் கட்டைச் சுருதியில் எளிதாக வாசிப்பதற்கு ஏற்றவை. சிறுமியர் பாடுவதற்கும் அது ஏறத்தாழ ஒத்துவரும். பாடகர் குழுவும் பேண்டும் மாறி மாறி ஒரே பாடலைச் சொல்லட்டும். ஒரு துணைக்கருவியும் சொல்கிறேன்: ஜலதரங்கம். 2013இல் மறைந்த சீதா துரைசாமி அவர்களுக்குப் பிறகு அதைக் கச்சேரியில் கேட்பதே அரிதாகிவிட்டது. அதற்கு வேண்டியவை பீங்கான் கிண்ணங்களும் தண்ணீரும் இரண்டு குச்சிகளும். பீங்கான் கிண்ணத்துக்குச் செட்டிநாட்டில் பஞ்சமா? ஆச்சிமார் சாமான் அறைகளைத் திறந்தால் ஒரு படைக்கே கிடைக்கும். தட்டிப் பார்த்து, விரிசல் இல்லாமல் மணி போல் ஒலிப்பதை மட்டும் கேட்டு வாங்குங்கள். உடைந்தால் யார் பொறுப்பு என்பதையும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டு வளவில் (நடு முற்றமும் அதைச் சுற்றிய பகுதியும்) இப்படி ஒரு நிகழ்ச்சி நடத்த இடம் கொடுக்கலாம் என்று நினைக்கிறோம். அந்த வீட்டில் இசை எப்படிக் கேட்கும்? எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகர், கானாடுகாத்தான்

பதில்: தங்களைப் போன்றவர்கள் கேட்பதற்காகவே காத்திருந்தேன். நம் வீடுகள் கண்ணுக்கு அழகாக இருப்பதால், காதுக்கும் அழகாக இருக்கும் என்று எல்லோரும் நம்பிவிடுகிறார்கள். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவர், கருங்கல் தூண், ஆத்தங்குடிக் கல் பாவிய தரை எல்லாமே ஒலியை விழுங்காமல் திருப்பி அடிப்பவை. வளவின் நடுவே வானம் திறந்திருப்பதால் ஒலியின் ஒரு பங்கு மேலே போய்விடுகிறது. ஆகவே முற்றம் நாம் பயப்படும் அளவுக்கு முழங்குவதில்லை. ஆனால் எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒலி பந்து போல் போய்ப் போய் வரும். மேலே கூரை மூடிய கல்யாணக் கொட்டகையோ, பேசும் சொல்லே புரியாத அளவுக்கு முழங்கும்.

சில ஆண்டுகளுக்கு முன், உறவினர் வீட்டுத் திருமணம் ஒன்றில், ஒலிபெருக்கி அமைக்க வந்தவர் நாகசுரத்துக்கு முன்னால் மூன்று மைக்குகளை வைத்து, வளவின் நான்கு மூலைகளிலும் பெட்டிகளை ஒன்றையொன்று பார்க்கும்படி நிறுத்திவிட்டார். ஒரு மைல் கேட்பதற்கென்று பிறந்த கருவிக்கு மூன்று மைக்குகள். மாப்பிள்ளை வீட்டார் ஒவ்வொருவராக எழுந்து முகப்புத் திண்ணைக்குப் போய்விட்டார்கள். நான் இரண்டாங்கட்டைத் தாண்டிச் சமையல் நடக்கும் இடத்துக்குப் போனேன். இடையில் இருந்த சுவர்கள் பெட்டிகளின் சீற்றத்தை மறைத்துவிட, அங்கே கல்யாணி தெளிவாக, இனிமையாகக் கேட்டுக்கொண்டிருந்தது. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர்களுக்குத்தான் அன்று நல்ல கச்சேரி கிடைத்தது.

ஆகவே முதலில் மைக்கை மறந்துவிடுங்கள். ஆளில்லாத நேரத்தில் வளவின் நடுவில் நின்று ஒரு முறை கை தட்டுங்கள். ‘டர்ர்’ என்று தொடர் அதிர்வு கேட்டால், ஒரு பக்கத்துத் தூண்களுக்கு இடையில் கனமான சமுக்காளங்களைத் தொங்க விடுங்கள். தரையிலும் விரியுங்கள். வந்து உட்காரும் மனிதர்களே ஒலியை நிறைய உறிஞ்சிவிடுவார்கள் என்பதால், வெறும் வீட்டில் ஒத்திகை பார்த்துவிட்டு நிகழ்ச்சியன்று ஏமாற வேண்டாம். கலைஞர்களை முற்றத்தின் நடுவில் உட்கார வைப்பது புகைப்படத்துக்கு நன்றாக இருக்கும். காதுக்கு, கூரை உள்ள தாழ்வாரப் பத்தியில் பின்சுவரை ஒட்டி உட்கார வைப்பதே நல்லது. சுவர் ஒலியை முன்னே தள்ளிக் கொடுக்கும்.

என்ன வாசிப்பது என்பதையும் வீடுதான் சொல்ல வேண்டும். தங்கள் வீட்டுக்கு நான் சிபாரிசு செய்வது இரட்டை வீணை. காரைக்குடியின் பெயரை வீணையுலகில் நிலைக்கச் செய்தவர்கள் சுப்பராம ஐயரும் சாம்பசிவ ஐயரும் ஆன சகோதரர்கள். தமையனார் வீணையை மடியில் கிடத்தாமல் நிமிர்த்திப் பிடித்து வாசித்தவர், இளையவர் வழக்கம் போல் கிடத்தி வாசித்தவர். புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளை அவர்களுக்கு மிருதங்கம் வாசித்திருக்கிறார். சாம்பசிவ ஐயருக்கு 1952இல் சங்கீத கலாநிதி பட்டம் கிடைத்தது. அதே காலத்தில் சங்கீத நாடக அகாதெமி விருதும் அவருக்கும் அரியக்குடியாருக்கும் சேர்ந்தே வந்தது. இரண்டு பெருமையும் இந்த வட்டாரத்துக்கு உரியவை. இன்று வீணை பெரிய மண்டபங்களில் தந்தியோடு ஒட்டிய மைக்கின் தயவில் உலோகச் சத்தமாக வருகிறது. விரல் தந்தியில் வழுக்கும் ஒலியும், ஒரு மீட்டில் நான்கைந்து சுரம் வளைந்து தேய்ந்து போவதும் பத்தடி தூரத்தில் மட்டுமே கேட்கும். பட்டாலைக் கூடத்தில் ஐம்பது பேரை உட்கார வைத்து, மின்விசிறிகளை நிறுத்திவிட்டுக் கேட்டால், பலர் வாழ்வில் முதன்முறையாக வீணையைக் கேட்பார்கள்.

மின்விசிறியை நிறுத்துவதால் மாதத்தைப் பார்த்து வையுங்கள். வீணையின் மேளம், அதாவது அதன் மெட்டுகளின் வரிசை, மெழுகில் பதித்தது. சித்திரை வெயிலில் அது இளகி, மெட்டு நகர்ந்துவிடும். ஐப்பசியில் முற்றத்தில் மழை. தை, மாசி மாலைகள்தான் உத்தமம்; அப்போது வெளிநாட்டிலிருந்து பங்காளிகளும் வந்திருப்பார்கள். இன்னொரு காரியம்: வீடு பொதுவில் இருந்தால், எல்லாப் புள்ளிகளிடமும், அதாவது பங்குள்ள எல்லாக் குடும்பங்களிடமும், சொல்லிவிட்டே கதவைத் திறவுங்கள். சுருதி சேர்ப்பதைவிட இதற்கு நாள் பிடிக்கும்.

கேள்வி: பூட்டிக் கிடந்த எங்கள் பாட்டையா வீட்டின் மாடியில் ஒரு பெட்டி நிறைய இசைத்தட்டுகளும், சுரம் எழுதிய இரண்டு நோட்டுப் புத்தகங்களும் கிடைத்தன. பழம்பொருள் வியாபாரி மொத்தமாக விலை கேட்கிறார். கொடுத்துவிடலாமா?
– நெற்குப்பையைச் சேர்ந்த வாசகர், சிங்கப்பூர்

பதில்: நோட்டுப் புத்தகங்களைக் கொடுக்காதீர்கள். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தின் சிற்றூர் ஒன்றில், 2009ஆம் ஆண்டு, பாழடைந்த வீட்டைப் பழுது பார்க்க வாங்கிய தம்பதியர் கட்டுக்கட்டாக இசைக் கையெழுத்துப் பிரதிகளைக் கண்டெடுத்தார்கள். அவை ஃபுளோரன்ஸ் பிரைஸ் என்ற கறுப்பினப் பெண் இசையமைப்பாளருடையவை. அவருடைய முதல் சிம்பொனியை 1933இல் சிகாகோ சிம்பொனி இசைக்குழு வாசித்திருந்தது. பத்து ஆண்டுகளுக்குப் பின், தாம் பெண் என்பதும் தம் உடலில் ஓடும் கறுப்பின இரத்தமும் தமக்கு இரண்டு தடைகள் என்று பெயர்பெற்ற இசைநடத்துநர் ஒருவருக்கு அவர் கடிதம் எழுத வேண்டியிருந்தது. 1953இல் அவர் மறைந்தபின் அந்த வீட்டில் கிடந்த பிரதிகளுள் இரண்டு வயலின் கான்செர்ட்டோக்களும் நான்காவது சிம்பொனியும் இருந்தன. இன்று பல நாட்டு இசைக்குழுக்கள் அவற்றை வாசிக்கின்றன. அந்தத் தம்பதியர் பெட்டியைக் குப்பையில் போட்டிருந்தால் அவற்றுக்கு வேறு படி கிடைத்திருக்காது.

தங்கள் பாட்டையாவின் நோட்டில் சிம்பொனி இராது. ஆனால் ஒரு வாத்தியார் வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுத்த கீர்த்தனையின் பாடபேதமோ, மெட்டுத் தெரியாமல் போன ஒரு தமிழ்ப் பதத்தின் சுரமோ இருக்கலாம். ஒவ்வொரு பக்கத்தையும் நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து, வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனி மனிதர், பிறர் எடைக்குப் போட்ட பாட்டுப் புத்தகங்களையும் நாடக நோட்டீசுகளையும் வாழ்நாள் முழுவதும் சேர்த்து வைத்தார். 1992இல் அவர் மறைந்தபின் அந்தச் சேகரிப்பே சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. அத்தகைய இடங்களுக்குப் படியாவது கொடுத்து வையுங்கள்.

இசைத்தட்டுகளும் இந்த ஊருக்கு உறவானவை. காரைக்குடியில் குடும்பத்தின் கடையில் இசைத்தட்டு விற்ற ஏவி. மெய்யப்பச் செட்டியார்தான் 1932இல் கூட்டாளிகளோடு சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸைத் தொடங்கி, ஓடியன் நிறுவனத் தட்டுகளை வெளியிட்டார். படம் எடுக்க வந்தது அதன் பிறகு. தங்கள் பெட்டியில் இருப்பவை அரக்குத் தட்டுகளாகவே இருக்கும். ஸ்பிரிட் தொட்டுத் துடைக்காதீர்கள், அரக்கு கரைந்துவிடும். படுக்கையாக அடுக்காமல் நிமிர்த்தி வையுங்கள். மாடி வெக்கையிலிருந்து முதலில் கீழே இறக்குங்கள். பிற்காலத்து நெடுந்தட்டுக்குரிய (எல்.பி.) ஊசி இவற்றின் அகன்ற பள்ளத்தில் அடியில் உரசி இரைச்சலை மட்டுமே எடுக்கும். அரக்குத் தட்டுக்கென்று உள்ள தடித்த ஊசியால்தான் பதிவு எடுக்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் அல்லது சற்றே கூடுதல். அந்த மூன்று நிமிடத்துக்குள் ஓர் ஆலாபனையைச் சுருக்கி அடக்கத் தெரிந்த பழைய வித்துவான்களின் சாமர்த்தியமே, ஓர் இளம் குழு எடுத்து விரிக்கத்தக்க விதை. பதிவு எடுத்த பின் வியாபாரியிடம் பேரம் பேசுங்கள். காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவில் நாலு கடை ஏறி இறங்கிவிட்டு.

கேள்வி: இப்படிப்பட்ட நிகழ்ச்சிக்குக் கட்டணம் வைக்கலாமா? நாகசுரக்காரரும் வயலின்காரரும் ஒரே மேடையில் என்றால் யாருக்கு என்ன கொடுப்பது என்ற தகராறு வராதா?
– விழாக்குழு உறுப்பினர், கோட்டையூர்

பதில்: வரும், ஆகவே முதல் கூட்டத்திலேயே எழுதி வைத்துவிடுங்கள். வீதியில் நடப்பதற்குக் கட்டணம் வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. அதற்கு ஊரில் நன்கொடை திரட்டுங்கள். ஐம்பது பேர் மட்டும் உட்காரும் வீணை நிகழ்ச்சிக்குச் சீட்டு வைக்கலாம். பத்து இடங்களை இசை படிக்கும் பிள்ளைகளுக்கு ஒதுக்குங்கள். ஒத்திகை நாள்களுக்கும் ஊதியம் உண்டு என்று சொல்லுங்கள், ஏனெனில் இதுவரை வாசித்திராத ஒன்றைச் சேர்ந்து வாசிக்க நான்கு ஒத்திகையாவது வேண்டும். முகூர்த்த நாளில் ஒரு திருமணத்தை விட்டுவிட்டு வரும் தவில்காரருக்கு அது பெரிய இழப்பு. வயலினுக்கு என்ன உண்டோ அதுவே நாகசுரத்துக்கும் தவிலுக்கும். வயலின் நாற்காலியில் உட்காரும் என்றால் நாகசுரத்துக்கும் நாற்காலி. எல்லோரும் தரையில் என்றால் எல்லோருக்கும் ஒரே சமுக்காளம். ஒரே சுரத்தை இரவு முழுவதும் மூச்சு விடாமல் ஊதும் ஒத்துக்காரரின் பெயரை அழைப்பிதழில் அச்சிட மறந்துவிடுவார்கள். அதை மட்டும் மெய்ப்புப் பார்க்கும்போது தாங்களே ஒரு முறை சரிபார்த்துவிடுங்கள்.